மூன்று ஆண்கள் தட்டிய கதவு

 

நம் பகுதியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை அறியாத வீடு இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், "வேலூருக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னால் எதற்காக என்று மற்றவர் கேட்பதில்லை. ஆனால், அந்த மருத்துவமனை எந்த இரவில் கருக்கொண்டது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். அமெரிக்க மிஷனரி மருத்துவக் குடும்பத்தின் பெண். மருத்துவம் படிக்கும் எண்ணமே இல்லாமல், 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் சில காலம் தங்கியிருந்தார். ஓர் இரவு அவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார். அவர் ஒரு பிராமணர். பிரசவ வேதனையில் இருக்கும் தம் மனைவியைக் காப்பாற்ற வரவேண்டும் என்று கேட்டார். என் தந்தைதான் மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று வந்தவர் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் மற்றொருவர் வந்தார். அவர் முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக ஓர் உயர்சாதி இந்து வந்து அவரும் அவ்வாறே திரும்பினார். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. அந்த விடியல்தான் ஐடாவை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியது. 1900ஆம் ஆண்டு வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் அவர் தொடங்கிய சிகிச்சை இடம், 1902இல் மருத்துவமனையாகவும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது.

இந்த வரலாற்றை எல்லோரும் பெண்களின் மருத்துவம் பற்றிய பாடமாகவே சொல்வார்கள். அது சரிதான். ஆயினும் இதில் எனக்கு வேறொன்றும் தென்படுகிறது. அன்றிரவு கதவைத் தட்டிய மூவரும் ஆண்கள். மனைவிக்காகத் தட்டினார்கள். நம் ஆண்கள் இன்றும் அப்படித்தான் இருக்கிறார்கள். தாய்க்குக் கண் மங்கினால் லீவு போட்டு அழைத்துச் செல்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடன் வாங்கியாவது பார்க்கிறார்கள். நான் வேலூரில் ஓதிக்கொண்டிருந்த நாட்களில் அந்த மருத்துவமனை வாசலில் நம் ஊர்க்காரர்களை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். கையில் ஃபைலுடன் மர நிழலில் நின்றுகொண்டிருப்பார்கள். ஃபைலில் இருக்கும் பெயர் ஒருபோதும் அவர்களுடையதாக இருக்காது.

தனக்காகக் கதவைத் தட்டும் ஆண் எங்கே? இந்த மாதம் நாம் சிந்திக்க வேண்டியது அதைத்தான்.

சகோதரர்களே! நம் வட்டாரத்து ஆண்களின் உடல் எதில் கரைந்தது என்பதை முதலில் பார்ப்போம். நம் பாட்டனார் காலத்தில் தோல் பதனிடுவது என்றால் சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, முடி நீக்கி, சதை சீவி, பட்டை ஊறிய நீரில் வாரக்கணக்கில் போட்டு எடுப்பார்கள். சுண்ணாம்பு கை கால்களை அரித்தது. பச்சைத் தோலைக் கையாளுபவர்களுக்குக் கால்நடைகளிடமிருந்து தொற்றும் அடைப்பான் நோய் அச்சம் எப்போதும் இருந்தது. 1970களில் அரசு பச்சைத் தோல், அரைப்பதத் தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் ஊக்கம் கொடுத்தது. நம் ஊர்களில் செல்வம் பெருகியதும் பள்ளிக்கூடங்களும் மதரஸாக்களும் ஓங்கியதும் இந்தத் தொழிலால்தான். அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் அதனுடன் குரோமிய உப்பும் சோடியம் சல்ஃபைடும் வந்தன. பாலாற்று மணலும் கிணற்று நீரும் கெட்டதைப் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, நாட்டின் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றிலேயே ஒரு மைல்கல். நீருக்கும் நிலத்துக்கும் வழக்கு நடந்தது. டிரம் ஓட்டியவனின் நுரையீரலுக்கும், அவன் கை இடுக்கில் ஆறாமல் இருக்கும் சொறிக்கும் யார் வழக்குத் தொடுப்பார்?

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் கடந்து செல்ல மனம் இடம் தரவில்லை. முடி நீக்கப் பயன்படும் சல்ஃபைடு கலந்த கழிவு, அமிலம் கலந்த கழிவுடன் சேரும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் விஷவாயு எழுகிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு அதிகரித்தால் மூக்கு அந்த நாற்றத்தை உணரும் சக்தியையே இழந்துவிடும். நாற்றம் போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று எண்ணி மனிதன் தொட்டிக்குள் இறங்குவான். அவன் விழுந்ததைக் கண்டு தூக்கப் போனவனும் விழுவான். ஒரே தொட்டியிலிருந்து இரண்டு மூன்று ஜனாஸாக்கள் புறப்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுவே. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் நடந்தது வேறு விதம். பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது கசடு பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள்.

"எல்லாம் தக்தீர், ஹஜ்ரத்" என்று நம்மவர்கள் சொல்வார்கள். தக்தீரை நம்புவது ஈமானின் பகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நம் சோம்பலையும் அலட்சியத்தையும் ஒளித்து வைக்கலாமா? ஹிஜ்ரி 18ஆம் ஆண்டை ஒட்டி, ஷாம் நாட்டை நோக்கிப் பயணம் செய்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்தை அடைந்தபோது, முன்னால் கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் குறைஷியரின் பெரியோர்களையும் கலந்து ஆலோசித்துவிட்டுத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். கேட்டவர் சாதாரணமானவர் அல்லர், இந்தச் சமுதாயத்தின் நம்பிக்கைக்குரியவர் என்று நபிகளாரால் போற்றப்பட்டவர். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்பது உமர் (ரலி) அவர்கள் தந்த பதிலின் கருத்து. பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் நுழைய வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துரைத்தார்கள். கலீஃபாவின் முடிவு சரியானது என்பது அதன் மூலம் உறுதியாயிற்று. கையுறை அணிவதும், வாயு சோதிக்காத தொட்டியில் இறங்க மறுப்பதும், நாற்பது வயதுக்குப் பின் ஆண்டுக்கொரு முறை சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்ப்பதும் தக்தீரை மறுப்பதாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எதற்கு?

உடலைப் பற்றிப் பேசினால் ஓரளவு காது கொடுக்கிறோம். உள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஆண்கள் எழுந்து போய்விடுகிறார்கள். ஆம்பிளைக்கு என்ன அழுகை என்பது நம் வீடுகளில் பிறந்ததிலிருந்து ஓதிக் கொடுக்கப்படும் பாடம். ஆனால் சீராவைப் புரட்டிப் பாருங்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களும் பெரிய தந்தை அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டுக்கு, ஆமுல் ஹுஸ்ன், அதாவது துக்க ஆண்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அண்ணல் நபியின் வாழ்வில் ஓர் ஆண்டைத் துக்கத்தின் பெயரால் அழைக்க நம் முன்னோர்கள் கூச்சப்படவில்லை. மகன் இப்ராஹீமின் மரணத்தில் நபி (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. யூசுஃபை இழந்த யஃகூப் (அலை) அவர்கள் அழுது அழுது பார்வையையே இழந்தார்கள் என்பது குர்ஆன் நமக்குச் சொல்லும் வரலாறு. கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் துஆவை நம் பிள்ளைகள்கூட மனப்பாடமாக ஓதுகிறார்கள். கவலை என்பது பாதுகாவல் தேட வேண்டிய ஒன்று என்றால், அது உண்மையில் மனிதனைத் தாக்கக்கூடியது என்றுதானே பொருள்?

இதை நம் அறிஞர்கள் நூலாகவே எழுதி வைத்தார்கள். பல்க் நகரை அடுத்த ஒரு சிற்றூரில் கி.பி. 850இல் பிறந்து 934இல் மறைந்தவர் அபூ ஸைத் அல்பல்கி. புவியியலாளர் என்றே பலரும் அவரை அறிவர். அவர் எழுதிய "மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்" என்னும் நூலின் பெயரே உடல்களின் நலன்களும் உள்ளங்களின் நலன்களும் என்று பொருள்படும். இரண்டையும் ஒரே நூலில் வைத்தார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என்னும் ஓயாத எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் உடலிலிருந்தே எழும் துயரம் வேறு என்று பிரித்துக் காட்டினார். பின்னதற்கு உடலுக்கும் மருந்து வேண்டும் என்றார். திடீர்த் தேவைக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பது போல, மனம் அமைதியாக இருக்கும் நாளிலேயே ஆறுதலான எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பதும் அவர் தந்த ஆலோசனை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதிய இதை, இன்று நம் தெருவில் சொன்னால் "பைத்தியத்துக்கு வைத்தியம் சொல்கிறார்" என்று சிரிப்பார்கள்.

அக்கால மாரிஸ்தான்களையும் நினைவுகூர வேண்டும். டமாஸ்கஸில் நூருத்தீன் 1154இல் எழுப்பியதும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பியதும், அலெப்போவில் 1354இல் எழுந்த அர்கூன் மருத்துவமனையும் மனநோயாளிகளுக்கு இடமளித்தன. ஆனால் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. 1184இல் டமாஸ்கஸுக்கு வந்த பயணி இப்னு ஜுபைர் அங்கே சிகிச்சையையும் கண்டார். நோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததையும் கண்டு எழுதி வைத்தார். சங்கிலி பழையது.

எவ்வளவு பழையதாயினும் அது நம் காலம் வரை வந்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் விடுதி ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் கருகி மாண்டார்கள். ஒரு வாரத்துக்குள் அரசு அத்தகைய விடுதிகளை மூடி, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றமும் தானாக முன்வந்து விசாரித்தது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தது.

அந்த 28 பேரையும் அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் யார்? பகைவர்களா? இல்லை. தாயும் தந்தையும் அண்ணனும் தம்பியும்தான். அன்பில்லாமல் விடவில்லை. வேறு வழி தெரியாமல் விட்டார்கள், ஊர் பேசும் பேச்சுக்கு அஞ்சி விட்டார்கள். தீ வைத்தது எதுவாக இருந்தாலும் சங்கிலியை மாட்டியது அந்த அச்சம் என்றே நான் கருதுகிறேன். பிற்காலத்தில் ஏர்வாடியிலேயே, துஆவுடன் தவாவும் வேண்டும் என்ற கருத்தில் அரசு மருத்துவர்கள் வந்து மருந்து கொடுக்கும் ஏற்பாடு நடந்தது நல்ல செய்தி.

இதற்கு நேர் எதிரான ஒரு வழி, அத்தீவிபத்துக்கு நாற்பத்து நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, நம் வீட்டு வாசலில் திறக்கப்பட்டிருந்தது. அதன் கதை பஞ்சாபில் தொடங்குகிறது. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் தலைவராக இருந்த டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளைக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுவிட்டு மறைந்துவிடுவதைக் கண்டார். கூடாரங்களை வரவழைத்து மருத்துவமனை வளாகத்தில் அடித்தார். குடும்பத்தாரே அங்கு வந்து நோயாளியுடன் தங்கட்டும் என்றார். உடனிருந்தவர்கள் நோயைப் புரிந்துகொண்டார்கள், அச்சம் தெளிந்தது, திரும்பும்போது நோயாளியை அழைத்துக்கொண்டே போனார்கள். அந்த வழியில் 1957இல் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் தொடங்கியது. அதைத் தொடங்கி நடத்தியவர் கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ். அங்கே உள்நோயாளியாகச் சேர்பவருடன் குடும்பத்தார் ஒருவராவது கூடவே தங்க வேண்டும் என்பது விதி. சமைப்பதும் பேசுவதும் மருந்து கொடுப்பதும் உறவினரின் கைகளில். உலக மருத்துவர்கள் வந்து கற்றுச் சென்ற முறை இது. ஆம்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். நம்மில் எத்தனை பேர் அந்த வாசலை மிதித்திருக்கிறோம்? மிதித்தவரும் வெளியே சொல்வதில்லை.

சொல்லாததன் விலை சிறிதல்ல. வேலூருக்கு அருகே கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 1994 முதல் 1999 வரை ஒவ்வொரு மரணத்தின் காரணத்தையும் வீடு வீடாகக் கேட்டறிந்தார்கள் சி.எம்.சி. மருத்துவர்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குச் சராசரியாக 95 பேர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டதாக அந்த ஆய்வு கண்டது. அரசின் தேசியக் கணக்கைவிட இது பல மடங்கு அதிகம். 2022இல் நாடு முழுவதும் பதிவான இத்தகைய மரணங்கள் 1,70,924. அவர்களில் நூற்றுக்குச் சுமார் 72 பேர் ஆண்கள். குடும்பப் பிரச்சினையும் நோயும் முதன்மைக் காரணங்களாகப் பதிவாகியுள்ளன. இந்த எண்ணிக்கையில் நம் சமுதாயம் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். தற்கொலை ஹராம் என்று நான் மிம்பரில் பலமுறை சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். ஆனால் மூச்சுத் திணறுபவனிடம் மூழ்குவது ஹராம் என்று கரையில் நின்று சொல்வது மட்டும் போதுமா?

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் மஹல்லாவில் ஒரு சகோதரர். தோல் தொழிற்சாலையில் டிரம் பகுதியில் வேலை. ஜுமுஆவுக்கு முன் தோல் நாற்றம் போகத் தேய்த்துக் குளித்துவிட்டு, அப்போதும் வாசனை இருக்குமோ என்று கூசிக் கடைசி ஸஃப்பில் நிற்பவர். ஆனால் ஃபஜ்ருக்கு முதல் ஸஃப்பில் இருப்பார். பதினைந்து ஆண்டுகளாக அந்த இடம் அவருடையது. ஒரு காலத்தில் ஃபஜ்ருக்கு வருவதை நிறுத்தினார். பிறகு இஷாவுக்கும் வரவில்லை. ஈமான் குறைந்துவிட்டது என்று சிலர் பேசினார்கள். நானும் மறுக்கவில்லை. ஆர்டர் குறைந்து வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்பதும், மகளின் திருமணக் கடன் நின்றிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். அவற்றையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஓர் இரவு இஷா முடிந்து எல்லோரும் போன பின் செருப்பு வைக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஹஜ்ரத், தூக்கமே வரலை. நெஞ்சு படபடன்னு அடிக்குது. இருந்து என்ன பிரயோசனம்னு தோணுது" என்றார். நான் ஓதி ஊதினேன். தண்ணீரில் ஓதிக் கொடுத்தேன். பொறுமையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஓதிப்பார்ப்பது சுன்னத். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று கட்டளையிட்டதும் அதே நபி (ஸல்) அவர்கள்தானே. ஒரு சுன்னத்தைக் கொடுத்து மற்றொன்றை மறைத்துவிட்டேன்.

பத்து நாட்கள் கழித்து அவர் மனைவி என் வீட்டுக்கு வந்து என் வீட்டாரிடம் அழுதார். மறுநாள் காலையிலேயே நாங்கள் மூவரும் பேருந்தில் பாகாயம் போனோம். வழி முழுதும் அவர் பேசவில்லை. தெரிந்தவர் யாராவது ஏறிவிடுவார்களோ என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையைக் குனிந்துகொண்டார். மருத்துவர் அவரிடம் நெடுநேரம் பேசினார். இது மனச்சோர்வு நோய், ஈமான் குறைவும் அல்ல, கோழைத்தனமும் அல்ல, மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், பாதியில் நிறுத்தக் கூடாது என்றார். மனைவியிடமும் தனியே பேசினார். மாத்திரை டப்பாவை அந்தச் சகோதரி தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஆறு மாதமும் அது அவர் கையில்தான் இருந்தது.

வாசகர்களே! தூக்கம் போய், பசி போய், தொழுகையிலும் வேலையிலும் மனம் ஒட்டாமல், இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். உடனே பேச ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற அரசின் இலவச மனநல எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. தமிழிலும் பேசலாம். எந்நேரமும் அழைக்கலாம்.

அச்சகோதரர் இப்போது ஃபஜ்ருக்கு வருகிறார். தன் கதையைப் பெயர் சொல்லாமல் எழுதிக்கொள்ள அவரே அனுமதி தந்தார். மூன்றாம் முறை மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பேருந்தில் அவர் என்னைக் கேட்டார்: "ஹஜ்ரத், நீங்க எப்ப கடைசியா பிரஷர் பார்த்தீங்க?" எனக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. ஒருமுறையும் பார்த்ததில்லை. மறுநாள் அஸருக்குப் பின் எங்கள் தெரு டாக்டரிடம் போய்க் கையை நீட்டினேன். 160க்கு 100 இருந்தது.